பிடுங்கிவிட்டு வந்து சொல்லுங்கள்

எங்கள் கண்டெய்னர் நிலையத்துக்கு எத்தனை வாசல் என்று கேட்டால் காவலாளிகள் இரண்டு என்பார்கள். லாரி உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. நான் நாற்பத்தைந்து என்பேன். மீதி நாற்பத்து மூன்றும் மேசைகளின் மேல் இருந்தன. ஒவ்வொரு கணினியும் ஒரு வாசல்தான். காவலாளி இல்லாத வாசல். சாயங்காலம் வீட்டுக்குப் புறப்படும் முன் அந்த நாற்பத்து மூன்றும் அணைக்கப்பட்டுவிட்டனவா என்று விரலால் சுட்டி எண்ணிப் பார்ப்பேன். கீழே வந்து வண்டியில் சாவி போட்டதும் சந்தேகம் வரும். மறுபடி மேலே போய் எண்ணுவேன். அலுவலகத்தில் எனக்கு ‘எண்ணுற அண்ணாச்சி’ என்று பெயர். அதை வைத்தது யார் என்பதும் எனக்குத் தெரியும்.

இப்போது அங்கே புதிதாக ஒரு மென்பொருள் போட்டிருக்கிறார்கள். திருட்டுத்தனமாக எது உள்ளே நுழைந்தாலும் அதுவே கண்டுபிடித்து அதுவே நிறுத்திவிடுமாம். அதைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் மூன்று பேர் போன மாதம், ஓய்வு பெற்று நான் இருக்கும் ஏரலுக்கு என்னைத் தேடி வந்தார்கள். “நீங்க இருக்கும்போது இதெல்லாம் ஒண்ணும் கெடையாதே அண்ணாச்சி, எப்படிச் சமாளிச்சிய?” என்று கேட்டார்கள். சரக்கு முகவர் சங்கத்து மலரில் எழுதித் தரும்படியும் சொன்னார்கள். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் ஒரு திருத்தம்: ஒன்றும் கிடையாது என்பது தவறு. எங்களிடம் மச்சாது சார் இருந்தார்.

என் ஆரம்ப காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.காம். முடித்து, தட்டச்சு மேல்நிலை தேறி, ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் டெலக்ஸ் செய்தி அடிப்பவனாகச் சேர்ந்தேன். முதல் கணினி வந்தபோது அதைத் தொட மற்றவர்கள் பயந்தார்கள். நானும் பயந்தேன். ஆனால் பயந்தவன் கவனமாக இருப்பான் என்று என்னிடம் ஒப்படைத்தார்கள். வெளியிலிருந்து வந்த ஒரு பிளாப்பி தட்டில் ஒட்டிக்கொண்டு ஒரு வைரஸ் நுழைந்து, கடிதத்தில் இருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையின் அடியில் போய் விழுந்ததைப் பார்த்தேன். அன்று முதல் எங்கள் பிளாப்பிகளை எண்ணத் தொடங்கினேன். பிறகு இரண்டு படிப்புகள், ஒரு சென்னைப் பயிற்சி, அதன்பின் இந்தக் கண்டெய்னர் நிலையத்தில் கணினிப் பிரிவின் பொறுப்பு.

கண்டெய்னர் நிலையம் என்றால் துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் பெரிய வளாகம். ஏற்றுமதியாளர்களின் சரக்கு இங்கே வரும். கண்டெய்னரில் அடுக்கி, சுங்கச் சோதனை முடித்து, முத்திரை வைத்துக் கப்பலுக்கு அனுப்புவோம். எந்தக் கண்டெய்னர் வளாகத்தில் எங்கே நிற்கிறது என்பது சர்வரில் இருக்கும். அது சொன்னால்தான் கேட் பாஸ் அச்சாகும். கேட் பாஸ் இல்லாமல் லாரி அசையாது. துறைமுகம் ஒரு நேரம் குறிக்கும். அதற்குப் பிறகு போகிற பெட்டியைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அதற்குக் கட்-ஆஃப் என்று பெயர். இவ்வளவு தெரிந்தால் போதும்.

எங்கள் மேலாளர் மச்சாது சார் புன்னைக்காயல்காரர். பெரிய உருவம், சின்னக் குரல். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது வேலை முடிந்தது என்று சொல்ல வந்தால் தலையை மட்டும் அசைப்பார். தப்பு நடந்துவிட்டது என்று சொல்ல வந்தால் எழுந்துவிடுவார். தன் நாற்காலியை இழுத்து அவர்களுக்குப் போட்டு, உட்கார வைத்து, டீ சொல்லி, டீ வந்து ஒரு மிடறு உள்ளே போன பிறகுதான் “இப்பம் சொல்லும்வே” என்பார். சொல்லி முடிக்கும்வரை தான் நின்றுகொண்டே கேட்பார். புதிதாக வந்தவர்கள் இதை ஏதோ தண்டனை என்று நினைத்து நடுங்குவார்கள்.

அவருடைய அப்பா சங்கு குளிக்கப் போனவர். ஒரு நாள் எங்கள் எல்லோரையும் கூட்டி வைத்து, கணினிப் பாதுகாப்பு என்று நான் தயாரித்திருந்த பதினெட்டு விதிகளையும் வாசிக்கவிட்டுக் கேட்டார். ஆறாவது விதியிலேயே நான்கு பேர் கொட்டாவி விட்டார்கள், எண்ணினேன். முடிந்ததும் சார் எழுந்தார்.

“அண்ணாச்சி சொன்னது அம்புட்டும் சரி. நான் ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். எங்க அப்பா கடலுக்கு அடியில போவும்போது மேல வள்ளத்துல ஒருத்தர் கயிறு பிடிச்சிட்டு இருப்பாரு. அவருக்கு ஒரே வேலைதான். கீழ இருந்து இழுப்பு வந்தா தூக்கணும். சுறா வந்துச்சா, மூச்சு முட்டுதா, சும்மா பாசி கால்ல சுத்திச்சா, அதெல்லாம் ஆளு மேல வந்தபொறவு கேட்டுக்கிடலாம். ஏன் இழுத்தேன்னு கீழ பாத்துக் கேட்டுட்டு நின்னா என்ன ஆவும்?”

யாரோ, “ஆளு போயிருவான் சார்” என்றார்கள்.

“அதான். உங்க மிஷின்ல ஏதோ கோளாறா இருக்குன்னு மனசுல பட்டுச்சுன்னா நெட்வொர்க் வயரைப் பிடுங்கிருங்க. பிடுங்கிட்டு வந்து சொல்லுங்க. ஏன் பிடுங்கினேன்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது. நானும் கேக்க மாட்டேன்.”

மறுநாளே நாற்பத்து மூன்று வயர்களிலும் சிவப்பு டேப் சுற்றினேன், அவசரத்தில் மின்சார வயரைப் பிடுங்கிவிடக் கூடாதே என்று. வராந்தாச் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. எல்லா வயர்களும் அங்கே வந்து கூடி, அங்கிருந்து ஒரே வயராகச் சர்வர் அறைக்குப் போகும். அந்த மெயின் வயருக்கு இரண்டு சுற்று டேப் போட்டு, அதை நானும் சாரும் மட்டும்தான் தொடலாம் என்று எழுதி ஒட்டினேன்.

முதலில் வயரைப் பிடுங்கியவர் கணக்குப் பிரிவு சுடலைமுத்து. எனக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். ஒரு மத்தியானம் வயரும் கையுமாக ஓடி வந்தார்.

“சார், அம்புக்குறி தானா நவுருது. நான் மவுஸைத் தொடவே இல்ல. யாரோ உள்ள இருக்கான்.”

சார் எழுந்தார், நாற்காலி போட்டார், டீ சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். வயர் இல்லாத மவுஸ் இரண்டு வாங்கியிருந்தோம். பக்கத்து மேசைக்காரரின் மவுஸும் இவருடையதும் இடம் மாறிவிட்டிருந்தன. பக்கத்து மேசைக்காரர் தன் மவுஸ் வேலை செய்யவில்லை என்று அதைப் போட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். அறை முழுவதும் சிரித்தது.

“ஏலே சொடலை, உள்ள இருந்தவன் பக்கத்து டேபிள்ல டீ குடிச்சிட்டு இருக்கான்லே!”

“போலீசுக்குச் சொல்லிறலாமா அண்ணாச்சி?”

மச்சாது சார் வெளியே வந்தார். சிரிப்பு நின்றது. “சுடலைமுத்துக்கு நான் நன்றி சொல்லுதேன்,” என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. “சிரிச்சவங்கள்ல எத்தனை பேரு நாளைக்கு வயரைப் பிடுங்குவிய? இப்பம் நீங்க சிரிச்ச சிரிப்புக்கு ஒருத்தரும் பிடுங்க மாட்டிய. பயம் போவுததுக்கு ஒரு மாசம் ஆவும்.” அன்று எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். சுடலைமுத்துவுக்கு இரண்டு.

இனி அந்தக் கடினமான விஷயத்துக்கு வருகிறேன்.

கேட் பாஸ் பிரிவில் இசக்கியம்மாள் என்று ஒரு பெண் இருந்தாள். ஆதிச்சநல்லூர்ப் பக்கம், இரண்டு பஸ் மாறி வருவாள். அப்பாவுக்குக் குத்தகை வயல். வீட்டில் மாதம் தவறாமல் வரும் சம்பளம் அவளுடையது ஒன்றுதான். ஒப்பந்தப் பணியில் மூன்று வருடம் முடித்திருந்தாள். அந்த மாதம் அவளை நிரந்தரமாக்க வேண்டும். உத்தரவு தயாராகி, முதலாளியின் கையெழுத்துக்காக அவர் மேசையில் இருந்தது. முதலாளி காயல்பட்டினத்துக்காரர், எல்லோருக்கும் ஹாஜியார். வாரி வழங்குகிற கை, பொசுக்கென்று கொதிக்கிற மனசு.

அன்று கொழும்பு போகும் கப்பலுக்குக் கட்-ஆஃப் நாள். லாரிகள் எங்கள் வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரை நின்றன. மச்சாது சார் சுங்க அலுவலகம் போயிருந்தார். நான் ஜெனரேட்டர் கொட்டகையில் பேட்டரிகளுக்குத் தண்ணீர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவது பேட்டரியில் இருக்கும்போது மேலே ஒரு சத்தம், ஒரே நேரத்தில் பலபேர் “போச்சு” என்கிற சத்தம் கேட்டது.

ஓடிப் போனேன். எல்லாத் திரைகளிலும் இணைப்பு இல்லை என்ற வரி. வராந்தாவில் கண்ணாடிப் பெட்டி திறந்து கிடந்தது. பக்கத்தில் இசக்கியம்மாள் நின்றாள். கையில் மெயின் வயர்.

“யம்மா, என்ன செஞ்சிருக்க?” கேட்கக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். வாயில் வந்துவிட்டது.

“பைல் பேருல்லாம் மாறுது அண்ணாச்சி. ஒவ்வொண்ணுக்கும் பின்னால வாலு மாதிரி என்னமோ எழுத்து வருது. தொறந்தா தொறக்க மாட்டேங்குது. ஒண்ணு முடிஞ்சா அடுத்தது, அது முடிஞ்சா அடுத்தது, எறும்பு போற மாதிரி வரிசையா போவுது. என் வயரத்தான் மொதல்ல பிடுங்கினேன். பக்கத்து ஸ்கிரீன்ல பாத்தா நிக்கவே இல்ல. உங்களயும் காணல, சாரயும் காணல.”

அவள் விரல்கள் வயரை விடவில்லை. நானும் வாங்கவில்லை.

அப்போது ஹாஜியார் படியேறி வந்தார். அவருடைய கார் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதால் வெயிலில் நடந்தே வந்திருந்தார். “கேட்டுல ஒரு லாரி நவுரல. யாரு வயரப் புடுங்குனது? நீயா? யாரைக் கேட்டுப் புடுங்குன? யா அல்லாஹ், கட்-ஆஃப் நாளு வாப்பா இன்னைக்கு!” என்றவர், என்னைப் பார்த்தார். “என்ன அண்ணாச்சி மரம் மாதிரி நிக்கிய? சொருகுங்க.”

அந்த வயரைச் சொருக எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு ‘கிளிக்’ சத்தம், அவ்வளவுதான். என் வேலைக்காலம் முழுவதிலும் அவ்வளவு சின்ன வேலையை நான் செய்யாமல் நின்றது அந்த ஒரு முறைதான். அவள் சொன்னது உண்மையாக இருந்தால், சொருகிய கணமே அந்த எறும்பு வரிசை விட்ட இடத்திலிருந்து கிளம்பும். பொய்யாக இருந்தால் அறுபத்தொரு லாரியை நான் சும்மா நிறுத்தி வைத்திருக்கிறேன். எது என்று எனக்குத் தெரியவில்லை.

மச்சாது சார் லாரிகளுக்கு நடுவே பைக்கை ஓட்டி வந்து சேர்ந்தார். ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். முதலில் இசக்கியம்மாளின் கையிலிருந்து வயரை வாங்கிக்கொண்டு, “நல்லது செஞ்ச தாயி. போயி உக்காரு” என்றார். பிறகுதான் முதலாளியிடம் திரும்பினார்.

“ஹாஜியார், இழுப்பு வந்திருக்கு. மொதல்ல தூக்குவோம்.”

“கப்பல் நமக்காக நிக்காது மச்சாது.”

“நிக்காது. ஆனா சர்வர் போச்சுன்னா இன்னைக்குக் கப்பல் மட்டும் இல்ல, இந்த மாசத்துல எந்தக் கப்பலும் நமக்கு இல்ல. அண்ணாச்சிக்கு ஒரு மணி நேரம் குடுங்க.”

ஹாஜியார் நெற்றியைத் துடைத்தார். “ஒரு மணி நேரம். அதுக்குள்ள ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சா அந்தப் புள்ள நாளைக்கு வர வேண்டாம். அந்த உத்தரவை நான் கிழிச்சிருவேன்.”

இளைஞர்களுக்காக, செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் நாற்பத்து மூன்று மேசைகளிலும் வயர்களைப் பிடுங்கச் சொன்னேன். எதையும் அணைக்கவில்லை, அணைத்தால் உள்ளே என்ன ஓடிக்கொண்டிருந்தது என்ற தடயம் போய்விடும். ஒவ்வொரு திரையிலும் என்ன தெரிகிறதோ அதைத் தொடாமல் செல்போனில் படம் எடுக்கச் சொன்னேன். வெளி இணைய இணைப்பைத் துண்டித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு சர்வரின் முன் உட்கார்ந்தேன். 

சர்வரில் பதினான்கு பெரிய கோப்புறைகள், ஆங்கில எழுத்து வரிசையில். நிர்வாகம், பில், சுங்கம் என்று போகும். முதல் கோப்புறையைத் திறந்தேன். எல்லாப் பெயர்களுக்கும் பின்னால் வால். ஒன்றும் திறக்கவில்லை. உள்ளே புதிதாக ஒரு கோப்பு மட்டும் திறந்தது: உங்கள் தகவல்கள் பூட்டப்பட்டுவிட்டன, சாவி வேண்டுமானால் இந்த முகவரிக்கு எழுதுங்கள் என்று நல்ல ஆங்கிலத்தில் இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, சுங்கம். அதில் பாதிவரை வால் இருந்தது. அதற்கு அடுத்த கோப்புக்கு இல்லை. அதற்கு அடுத்ததற்கும் இல்லை. பதினான்காவதுவரை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எதற்கும் வால் இல்லை. கடைசிக் கோப்புறைதான் யார்டு. எந்தக் கண்டெய்னர் எங்கே நிற்கிறது என்பது முழுதும் அதில்தான். அதை ஒரு எழுத்துகூடத் தொடவில்லை.

அவள் பிடுங்கிய இடத்தில் அது நின்றிருந்தது.

வெளியே வந்து சொன்னேன். ஹாஜியார் “லாரி?” என்று மட்டும் கேட்டார்.

பெட்டி பிரிக்காத ஒரு கணினி ஸ்டோரில் இருந்தது. எங்கள் நெட்வொர்க்கை ஒரு நாளும் தொடாதது. அதை கேட் அறையில் கொண்டுபோய் வைத்து, யார்டு கோப்புறையை மட்டும் பிரதி எடுத்து அதில் ஏற்றி, ஒரே ஒரு பிரிண்டரைப் பொருத்தினேன். நாற்பத்து மூன்று வாசலுக்குப் பதில் ஒரே வாசல். யார் தட்டச்சு செய்வது என்று கேட்கும் முன்பே இசக்கியம்மாள் அங்கே உட்கார்ந்திருந்தாள். லாரி டிரைவர்கள் ஜன்னலில் முட்டி மோதினார்கள்.

“எக்கா, எனக்கு மொதல்ல போடுக்கா, நான் காலையிலேருந்து நிக்கேன்.”

“எல்லாரும் காலையிலேருந்துதான் நிக்கிய. வரிசையா வாங்க, இல்லன்னா இந்த வயரையும் பிடுங்கிருவேன்.”

டிரைவர்கள் சிரித்துக்கொண்டே வரிசைக்கு வந்தார்கள். பொழுது சாயும் முன் ஐம்பத்தெட்டு லாரிகள் துறைமுகத்துக்குள் போய்விட்டன. மூன்று நின்றன. அந்த மூன்றின் எண்களையும் இன்றும் சொல்வேன், யாரும் கேட்பதில்லை. பூட்டப்பட்ட கோப்புறைகளின் நகல், முந்தின நாள் சாயங்காலம் நான் எடுத்து இரும்பு பீரோவில் வைத்த தனி டிஸ்கில் இருந்தது. எங்கும் இணைக்காத டிஸ்க். அந்த முகவரிக்கு நாங்கள் எழுதவே இல்லை.

இத்துடன் முடிந்திருந்தால் நல்ல கதை. மறுநாள் காலையில்தான் கஷ்டம் ஆரம்பித்தது.

அது எந்த வழியாக வந்தது என்பதைப் பார்க்க மதுரையிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். ஊரடங்குக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காகக் கணக்கு அறையில் ஒரு பழைய கணினியை வெளியிலிருந்து தொடும்படி திறந்து வைத்திருந்தோம். ஊரடங்கு முடிந்ததும் அதை மூடச் சொல்லி மூன்று முறை கேட்டேன். வீட்டிலிருந்தே யார்டைப் பார்க்க வசதியாக இருக்கிறது என்று ஹாஜியார் மூட விடவில்லை. திருடன் அந்த வழியாகத்தான் வந்திருந்தான். எதையும் உடைக்கவில்லை. பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து, சாதாரணமாக நுழைந்திருந்தான். பெயர், இசக்கியம்மாளுடையது.

ஹாஜியாரின் அறையில் பிரிவுத் தலைவர்கள் எல்லோரும் நின்றோம். அவளை அழைத்தார்கள். மச்சாது சார் வழக்கம்போல ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் அதன் நுனியில் உட்கார்ந்தாள். ஹாஜியார் முன்னால் அந்த உத்தரவு கையெழுத்தில்லாமல் கிடந்தது.

“ஓன் பாஸ்வேர்டு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? யாருட்ட சொன்ன?”

“யாருட்டயும் சொல்லல ஹாஜியார்.”

“பொறவு?”

அவள் சுவரைப் பார்த்தாள். எல்லா அறைகளிலும் போல அங்கேயும் வெள்ளைப் பலகையில் அடுத்த கப்பலின் பெயரும் கட்-ஆஃபும் எழுதியிருந்தன. “போர்டுல இருக்கிறதுதான்,” என்றாள்.

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. மாதா மாதம் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்பது என் பதினெட்டு விதிகளில் நான்காவது. மறக்கவும் கூடாது, எழுதி ஒட்டவும் கூடாது. அதற்கு அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள்: பலகையில் எந்தக் கப்பலோ அதுதான் பாஸ்வேர்டு. கப்பல் மாறினால் பாஸ்வேர்டு மாறும். மறக்கவே முடியாது. மாதம் ஒரு முறை மாற்றச் சொன்னேன். வாரத்துக்கு ஒரு முறை மாற்றியிருந்தார்கள். விதிக்கு மேலேயே நடந்திருந்தார்கள். என்ன, எந்தக் கப்பல் எந்த நாள் வருகிறது என்பது ஊருக்கே தெரியும். இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

“அப்பம் நீதான் கதவைத் தொறந்து விட்டிருக்க,” என்றார் ஹாஜியார். “தொறந்து விட்டதும் நீ, அடைச்சதும் நீ. இதுக்கு நான் ஒன்னைப் பாராட்டணுமா?”

அவள் அழவில்லை. “பாராட்ட வேண்டாம் ஹாஜியார். நான் மட்டும் அப்படி வைக்கல, எல்லாருந்தான்னு சொன்னா கோள் சொன்ன மாதிரி இருக்கும். அதான் சொல்லல.”

“சொல்லாம சொல்லிட்டியே.”

“கேட்டதுக்குச் சொன்னேன். நேத்தும் உங்களக் கேட்டுட்டுத்தான் பிடுங்கியிருப்பேன். நீங்க லாரிக்குப் பின்னால காருக்குள்ள இருந்தீய.”

சுடலைமுத்துவுக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாற்றிக்கொண்டார். ஹாஜியார் எங்களைச் சுற்றிப் பார்த்தார். “வேற யாரு போர்டைப் பாத்து வச்சிருக்கிய?”

ஒருவரும் பேசவில்லை. பேசினால் இசக்கிக்கு என்ன ஆகிறதோ அது தங்களுக்கும் ஆகும். எனக்கு அந்த மௌனம் எறும்பு வரிசையைவிடப் பயமாக இருந்தது. இவள் வீட்டுக்கு அனுப்பப்பட்டால் இனி இந்தக் கட்டடத்தில் ஒரு வயரும் பிடுங்கப்படாது; யாரும் எதையும் வந்து சொல்ல மாட்டார்கள். நாற்பத்து மூன்று வாசலுக்கும் நான் ஒருவன்.

மச்சாது சார் கையைத் தூக்கினார். “என்னதும் அதுதான் ஹாஜியார். வயசாயிட்டு, வேற எதுவும் நினைவுல நிக்க மாட்டேங்குது.”

பிறகு சுடலைமுத்து. பிறகு சுங்கப் பிரிவு. கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களும் தலையை நீட்டிக் கையைத் தூக்கினார்கள். எண்ணினேன். முப்பத்தொன்று.

ஹாஜியாரும் எண்ணியிருக்க வேண்டும். அவர் முகத்தில் கோபம் இருந்த இடத்தில் என்ன வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் தடுமாறினார். “முப்பத்தொரு பேரை அனுப்பிட்டா கேட்டை யாரு தொறப்பா, நானா?” என்றார். பேனாவை எடுத்தார். உடனே கையெழுத்துப் போடவில்லை. “அண்ணாச்சி, அந்த வீட்டு வழியை அடைச்சிருங்க. மூணு தடவை கேட்டிய. நாலாவது தடவை கேட்டிருக்கலாம்.” அதற்குப் பிறகு கையெழுத்துப் போட்டு, தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

அந்த வாரம் என் மேசைக்கு முன்னால் கூட்டம் ஆரம்பித்தது. தினமும் இரண்டு பேர், மூன்று பேர். ‘அண்ணாச்சி, கூரியர்னு ஒரு மெயில் வந்துச்சு, போன மாசம், தொறந்துட்டேன்.’ ‘அண்ணாச்சி, ரோட்டுல கெடந்த பென் டிரைவை ஒரு நாள் சொருகிப் பாத்தேன், படம் எதுவும் இருக்கான்னு.’ ‘அண்ணாச்சி, பேங்குன்னு சொல்லி ஒருத்தன் போன் பண்ணினான், ஆபீஸ் நம்பரைக் குடுத்துட்டேன்.’ ஒவ்வொருவரும் மாதக்கணக்கில் வயிற்றில் கட்டி வைத்திருந்தது. அதில் இரண்டு உண்மையிலேயே ஆபத்தானவை. நேரத்தோடு சரி செய்தேன். சனிக்கிழமைக்குள் பத்தொன்பது. வாழ்நாளெல்லாம் எண்ணிக்கை கூடினால் எனக்குத் தூக்கம் போகும். அந்த வாரம் கூடக் கூட நன்றாகத் தூங்கினேன்.

பாஸ்வேர்டுக்குப் புதிய ஏற்பாடு செய்தோம். உள்ளே வர, பாஸ்வேர்டோடு அவரவர் செல்போனில் வரும் எண்ணும் வேண்டும். மெயின் வயரில் ஒட்டியிருந்த என் தாளைக் கிழித்தேன். யார் வேண்டுமானாலும் தொடலாம் என்று எழுதவில்லை, எழுதாமலே விட்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஹாஜியார் ஒரு நாள் என் அறைக்கு வந்தார். வழக்கமாகக் கூப்பிட்டு விடுவார், வர மாட்டார். செல்போனை என் மேசையில் வைத்தார். அது அணைக்கப்பட்டிருந்தது.

“எங்க வூட்டுல நேத்து இந்த போனை எடுத்து, கல்யாணப் பத்திரிகைன்னு ஏதோ வந்திருக்குன்னு அமுக்கிட்டா. என்னமோ எறங்கிச்சாம். ஆபீஸ் மெயிலு இதுலதான் இருக்கு. காலையில டீ குடிக்கும்போது அவளாத்தான் வந்து சொன்னா.”

நான் போனை எடுத்துக்கொண்டேன். அவருடைய கோபம் ஊருக்குத் தெரிந்தது. மனசு கேட்கவில்லை.

“அவங்கள ஏதும் திட்டிட்டியளா ஹாஜியார்?”

“திட்டல,” என்றார். “திட்டினா அடுத்த தடவை எங்கிட்ட சொல்லுவாளா?”